ஒல்லி வண்டிக்குள் ஒரு வீடு

வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றப் பெரிய வண்டிதான் வேண்டுமா? ஜப்பானின் 'கெய்' ரக மோட்டார் ஹோம்களைப் பாருங்கள். கெய் வண்டி என்றால் நீளம் 3.4 மீட்டர், அகலம் 1.48 மீட்டர், உயரம் 2 மீட்டர், எஞ்சின் 660 சிசி. இவற்றைத் தாண்டக்கூடாது என்பது அங்கே சட்டம்.

ஐரோப்பாவில் பலரும் வாங்கும் ஃபியட் டுகாட்டோவின் அகலம் 2.05 மீட்டர். படுக்கையைக் குறுக்கே போட்டுவிடலாம். கெய்யில் அது நடக்காது. நீளவாக்கில்தான் படுக்க வேண்டும். பகலில் இருக்கை, இரவில் அதுவே கட்டில். சிலவற்றில் கூரையைத் தூக்கினால் மேலேயும் ஒரு படுக்கை.

ஆனால் உண்மையான சிக்கல் அகலமல்ல, எடை. கெய் லாரிக்கு அனுமதித்த சுமை 350 கிலோதான். அலமாரி, பேட்டரி, தண்ணீர் என்று ஏற்றிக்கொண்டே போனால் மேட்டில் திணறும்.

இருந்தாலும் வரி குறைவு, கிராமத்துச் சந்திலும் நுழையும், கடைக்குப் போய்வரவும் உதவும். வருடத்தில் சில இரவுகள் தூங்குவதற்காக ஆண்டு முழுக்க ஒரு பெரிய வண்டியைக் கட்டி மேய்ப்பது என்ன கணக்கு? குழந்தைகளோடு போகிற குடும்பத்துக்குக் கெய் சரிவராது. ஒருவரோ இருவரோ என்றால், ஒல்லிதான் லாபம்.