கண்மாய் வேலையும் சமூகவியற் படிப்பும்

அருப்புக்கோட்டை, திருச்சுழித் தாலுகாக்களில் கரிசற் புஞ்சையும் கண்மாய்ப் பாசனமும் வடகிழக்குப் பருவ மழையையே நம்பியிருக்கின்றன. கண்மாய் பழுதுற்றால் சர்க்கார் எஞ்சினீயரை அனுப்புவது வழக்கம். மடையும் கலுங்கும் புதிதாகின்றன. சில வருஷங்களுக்குள் வரத்துக்காலில் சீமைக்கருவேல் மறுபடியும் அடைந்துவிடுகிறது. இது சிமெண்டின் குறையன்று. மடை திறப்பவர் யார், கடைமடைக்காரருக்கு நீர் எப்பொழுது, கரம்பை மண் எடுக்கும் உரிமை எவருக்கு, நீர்பாய்ச்சிக்குரிய கூலியைக் கொடாதவர் எவர் என்பவற்றை முன்னதாக விசாரியாமையே பெரும்பாலும் காரணமாகும்.

இவற்றை முறையாக விசாரிப்பது சமூகவியல். அதனைக் கற்றோருக்குக் கல்லூரி ஆசிரியர் உத்தியோகமன்றி வேறு கதியில்லை என்பது பலரது அபிப்பிராயம். அது பொருந்தாது. சென்னைச் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணாக்கரைக் கொண்டு கிராமங்களைக் கணக்கெடுப்பித்தார். 1918இல் வெளிவந்த அந்நூலில், அருப்புக்கோட்டைக்கு மேற்கே சிவகாசிப் பக்கத்திலுள்ள வடமலாபுரமும் ஒன்று. தாமஸ், இராமகிருஷ்ணன் என்னும் இருவர் நடத்திய மறுகணக்கு 1940இல் அச்சாயிற்று. அன்று அறிவின்பொருட்டு நடந்த அவ்விசாரணை இன்று சம்பளம் பெறும் தொழிலாகியுள்ளது. மதுரையில் 1997இல் நிறுவப்பட்ட தானம் அறக்கட்டளை, கண்மாய்தோறும் வயலகம் என்னும் விவசாயிகள் சங்கங்களை அமைத்து வருகிறது. சங்கம் நிலைத்த பின்னரே கரை வேலை பயன்தரும் என்பது அதன் கொள்கை.

மிராசுதார்களுக்கு இதில் ஒரு சங்கடமுண்டு. விசாரிக்க வருபவர் சாவடியில் அமர்ந்து பெரியவர்களை மட்டும் கேட்டுப் போகமாட்டார். ஆடு மேய்ப்பவரையும், களையெடுக்கும் பெண்டிரையும் கேட்பார். பாசன முறைமைகளை விவசாயிகளே நிர்வகிக்க வகைசெய்த 2000ஆம் வருஷத்துச் சட்டம் நிலமுடையோர்க்கே வாக்களித்தது. ஆயினும், கண்மாயில் ஆடுமாடுகளுக்கு நீர்காட்டுவோரும் விறகு வெட்டுவோரும் ஒத்துழையாவிடில் கரை நில்லாது.

ஊர்க் கணக்கர் பதவி 1980இல் எடுபட்டபின், ஊரின் உள்விவகாரங்களைத் தலைமுறையாக அறிந்தவர் சர்க்காரில் இல்லை. (அவர் அறிந்ததையெல்லாம் எழுதினார் என்பதற்கில்லை.) கிராம நிர்வாக அலுவலர்க்கோ சான்றிதழ் வேலையே சரியாயிருக்கிறது. ஆதலின் ஒவ்வொரு கண்மாய் மதிப்பீட்டிலும், வேலைக்கு முன் ஒரு மழைக்காலமும் பின் இரண்டு மழைக்காலமும் ஊரில் தங்கும் சமூகவியலாளர் ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்கப்படல் வேண்டும். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஊரகச் சமூகவியல் போதிக்கப்படுகிறது, ஆட்களுக்குக் குறைவிராது. அங்ஙனம் வருபவருக்கு அலுவலர்கள் அடங்கலையும், ஆயக்கட்டுதாரர்கள் தங்கள் முறைப்பாசன வழக்கத்தையும் புரட்டாசிக்கு முன்னரே காட்டிவிடுவது நலம்; மழை விழுந்த பின்னர் எவருக்கும் பேச அவகாசமிராது.