லயத்துக்கு ஒரு கமரா

போன வருஷம் எங்கள் லயத்தில் ஒரு அம்மாயி இறந்துபோனார். நாற்பது வருஷத்துக்கும் மேலாகப் பதுளைப் பக்கத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர். மரண அறிவித்தல் பேனர் அடிக்க ஒரு படம் வேணும்னு கடைக்காரர் கேட்டார். பேரனின் போனில் தேடினோம், மகளின் போனில் தேடினோம். பிறந்தநாள் கேக் இருக்கு, பஸ்ஸுக்குள் எடுத்த செல்பி இருக்கு, அம்மாயி மட்டும் இல்ல. ஒரு கல்யாணப் படத்தின் ஓரத்தில் பாதி முகம் கிடைத்தது. கடைசியில் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெருசாக்கிப் போட்டாங்க. கமராவைப் பார்த்துப் பயந்துபோன முகம். "இது எங்க அம்மா மாதிரியே இல்லயே"ன்னு மகள் அழுதது இன்னும் காதில் இருக்கு.

அந்தக் கருமாதி முடிஞ்ச பிறகு நாங்கள் ஆறு பேர் ஆளுக்கு 2,000 ரூபாய் போட்டு, 12,000 ரூபாய்க்குப் பாவித்த சின்ன டிஜிட்டல் கமரா ஒன்று வாங்கினோம். எங்கள் கருத்து இதுதான்: ஒவ்வொரு லயத்துக்கும் இப்படி ஒன்று இருக்க வேண்டும்.

"கையில போன் இருக்கே, இது எதுக்குடா?" என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். இன்றைய சுமாரான போன்கூட எங்கள் பழைய கமராவை விட நல்ல படம் எடுக்கும், அதை மறைக்க மாட்டோம். ஆனால் போன் ஒரு ஆளுடைய சொத்து. அண்ணன் கொழும்புக்கு வேலைக்குப் போனால் போனும் போய்விடும். டிஸ்ப்ளே உடைஞ்சால், பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழிச்சுத் தருவாங்க. எங்களில் ஒருத்தருக்கு அப்படி மூன்று வருஷப் படம் போச்சு. வாட்ஸ்அப்பில் வந்த படம் ஏற்கனவே சுருங்கி வந்தது. மெமரி நிறைஞ்சால் முதலில் அழிபடுவதும் வீட்டுப் படம்தான்.

கமரா வீட்டிலேயே இருக்கும். அலமாரியில் இருக்கிற எவர்சில்வர் குடம் மாதிரி அது குடும்பத்துச் சாமான். அதில் கோல் வராது, பேஸ்புக் இல்லை. பாட்டி கையில் கொடுத்தாலும் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். எங்களிடம் இருக்கிற நல்ல படங்களில் பாதி, பத்து வயசுத் தங்கச்சி எடுத்தது.

விலை குறைஞ்சதுக்கும் காரணம் இருக்கு. 2010ல் மட்டும் உலகம் முழுக்க 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கமராக்கள் கடைகளுக்குப் போயின. பெரும்பாலானவை சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னவை. ஸ்மார்ட்போன் வந்ததும் அவை மேசை லாச்சிக்குள் போய்விட்டன. இப்போது வெளிநாடுகளில் எங்கள் வயசுப் பிள்ளைகள், அந்தப் பழைய நிறத்துக்காகவே அவற்றைத் தேடி வாங்குறாங்க. அது பேஷன். எங்கள் காரணம் வேற.

மலையகத்தைப் போலப் படம் எடுக்கப்பட்ட இடம் இலங்கையில் குறைவு. 19ஆம் நூற்றாண்டிலேயே தேயிலை விளம்பரங்களிலும் தபால் அட்டைகளிலும் கூடை சுமந்த எங்கள் பெண்கள் வந்துவிட்டார்கள். ஜூலியா மார்கரெட் கமரன் என்ற பெரிய புகைப்படக் கலைஞர் 1875ல் இலங்கைக்கு வந்தார். அவருடைய கணவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. இங்கிலாந்தில் டார்வினையும் டெனிசனையும் படம் எடுத்தவர் அவர். 1879ல் இங்கேயே இறந்தார், கல்லறை பொகவந்தலாவையில் இருக்கு. டார்வின் படத்தில் டார்வின் பெயர் இருக்கு. அவர் இங்கே எடுத்து மிஞ்சிய படங்களில் இருக்கிற உழைக்கும் மக்கள் பலருக்குப் பெயர் இல்லை.

இன்றைக்கும் அதே கதைதான். அப்புத்தளை லிப்டன் சீட்டுக்குப் போகிறவர்களும் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்கு வருகிறவர்களும் வழியில் கொழுந்து எடுக்கும் அம்மாமாரைப் படம் பிடிக்கிறார்கள். அந்தப் படங்கள் எங்கேயோ யாருடைய சுவரிலோ தொங்கும். படத்தில் இருக்கிறவரின் காம்பராவில் ஒரு பிரதிகூட இருக்காது.

எங்களையும் சொல்லணும். கமரா வாங்கின முதல் மாசம் நாங்களும் மூடுபனி, ரயில், தேயிலை மலைன்னுதான் எடுத்துத் தள்ளினோம். கார்டைத் திறந்து பார்த்தபோது 300 படத்தில் எங்கள் லயத்து ஆட்கள் இருந்தது பதினொன்றில். டூரிஸ்ட் கண்ணை நாங்களும் மாட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கோம். வெட்கமாகத்தான் இருந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து குறைஞ்சால் அரைப்பேர். 2024ல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் எங்கள் கமராவின் விலை கிட்டத்தட்ட ஒன்பது பேர். ஒரு வீட்டுக்கு இது பெரிய காசு, லயத்துக்குப் பெரிசில்லை. அதனால்தான் சேர்ந்து வாங்கச் சொல்கிறோம். வாங்கின பிறகு எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் உண்மையான பேரை எழுதுங்கள். எங்களிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கு. படத்தின் இலக்கம், ஆளின் முழுப் பெயர், தோட்டம், டிவிஷன், திகதி. அவ்வளவுதான்.

இது ஏன் அவசரம் என்றால், எங்கள் மலை நிலையானதில்லை. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தயில் மண்சரிவு லயங்களை மூடியது. அங்கே இருந்தவர்களின் பதிவுகளும் மண்ணுக்குள் போனதால், காணாமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கே நாளுக்கு நாள் மாறி வந்தது. உயிரோடு மிஞ்சியவர்கள் இழந்ததில் சுவரில் தொங்கிய படங்களும் அடக்கம். அதனால் கமரா வாங்கினால் மட்டும் போதாது. ஒரு பிரதி கார்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரரின் கொம்பியூட்டரில், முக்கியமானது கழுவின படமாக வீட்டில். ஆறுக்கு நாலு அளவில் கழுவ 2 மெகாபிக்சலே போதும். பழைய கமராவில் அதை விட நிறைய இருக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு நாங்கள் பட்டுத் தெரிஞ்சுகொண்ட சிலது. லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சுப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி நூல் தெரிஞ்சால் அது பூஞ்சணம், எடுக்காதீர்கள். எங்கள் ஈரக் குளிரில் அது இன்னும் பரவும். வாங்கின பிறகு சப்பாத்துப் பெட்டியில் வரும் சிலிக்கா பைகளைப் போட்டு, இறுக்கமான டப்பாவில் வையுங்கள். அந்த மொடலுக்கு பட்டரி இன்னும் கிடைக்குதான்னு முதலில் கேளுங்கள். பழைய கமரா பலது 32 ஜிபிக்கு மேல் கார்டை ஏற்காது. திகதியைச் சரியாக வைக்காமல் ஒரு படமும் எடுக்காதீர்கள். ப்ளாஷ் வேலை செய்யுதான்னும் பாருங்கள், ஒரு சின்ன ஜன்னல் மட்டும் இருக்கிற காம்பராவுக்கு அது கட்டாயம் வேணும்.

இன்னொன்று, கேட்காமல் எடுக்காதீர்கள், கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள். எங்கள் ஆட்களை நூற்றைம்பது வருஷமாகக் கேட்காமல்தான் எடுத்திருக்காங்க.

காசு சேரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை கையில் இருக்கிற போனையே எடுத்துக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போங்கள். அங்கே இருக்கிற வயசான ஆளுக்கு நல்ல சீலை கட்ட நேரம் கொடுங்கள். வாசலில் வெளிச்சத்தில் உட்கார வைத்து ஒரு படம் எடுங்கள். பேரைக் கேட்டு எழுதுங்கள். பதுளை டவுனுக்கு அடுத்த முறை போகும்போது அதைக் கழுவி, அவர் கையிலேயே கொடுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே கொடுங்கள்.