ஓடுகிற பெண்ணும் தராசும்

நான் உபாத்தியாயன். இருபது வருஷங்களாகப் பள்ளிப் பிள்ளைகளுடன் பழகி வருகிறேன். இத் தொழிலில் உள்ளவர்களுக்கு ஒரு விசேஷமான ஆசை உண்டு. மற்றவர்களைவிடப் பல படிகள் முன்னே நிற்கும் பிள்ளை ஒன்று வகுப்பில் அகப்பட்டுவிட்டால், அந்த ஆசை கண்ணை மறைத்துவிடும். 'இன்னும் கொஞ்சம் தள்ளிவிட்டால் இது எங்கே போய் நிற்கும்!' என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும். அது பிள்ளைக்காகப் போடும் கணக்கா, நம்முடைய பெயருக்காகப் போடும் கணக்கா என்பது நமக்கே விளங்குவதில்லை.

நானும் ஒரு முறை அப்படிக் கணக்குப் போட்டதுண்டு. கணிதத்தில் அபாரச் சூட்டிகை உள்ள ஒரு பையனை மாலை விளையாட்டிலிருந்து நிறுத்தி, மேல் வகுப்புப் பாடங்களைப் புகட்டினேன். ஒரு வருஷம் அவன் எல்லோரையும் பிரமிக்கச் செய்தான். அடுத்த வருஷம் கணக்குப் புஸ்தகத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

அதை எனக்கு மறுபடியும் நினைவூட்டியது, அமெரிக்க ஹைஸ்கூல் மாணவி ஒருத்தியின் சரித்திரம். அவள் கெட்டிக்காரத்தனம் காட்டியது கணக்கில் அல்ல, ஓட்டத்தில். பெயர் மேரி கெயின்.

நியூயார்க் மாநகரத்துக்குச் சற்று வடக்கே பிராங்ஸ்வில் என்ற சிற்றூர் இருக்கிறது. 1996-ஆம் வருஷம் மே மாதம் பிறந்த மேரி அவ்வூர் ஹைஸ்கூலில் படித்தாள். 2012-இல், அவளுடைய பதினாறாம் வயதில், பார்ஸிலோனா நகரில் உலக இளைஞர் பந்தயங்கள் நடைபெற்றன. அங்கே 1500 மீட்டர் தூரத்தை 4 நிமிஷம் 11.01 விநாடியில் ஓடினாள். அமெரிக்க ஹைஸ்கூல் பெண்களில் அதுவரை எவரும் அத் தூரத்தை அவ்வளவு விரைவாகக் கடந்ததில்லை.

மறு வருஷம் நடந்ததைக் கேட்டால் இன்னும் ஆச்சரியமாக இருக்கும். அதே தூரத்தை 4 நிமிஷம் 4.62 விநாடியில் முடித்தாள். பந்தய மைதானத்தின் ஒரு சுற்று 400 மீட்டர். அப்படியானால், ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 65 விநாடி வீதம் மூன்றே முக்கால் சுற்று! நம்மில் பலர் ஒரு சுற்றைக்கூட அந்த வேகத்தில் ஓடி முடிக்க மாட்டோம். 800 மீட்டரை 1 நிமிஷம் 59.51 விநாடியில் ஓடி, 2 நிமிஷத்துக்குள் அதை முடித்த முதல் அமெரிக்க ஹைஸ்கூல் பெண் என்ற பெயரையும் பெற்றாள். அந்த ஆகஸ்டு மாதத்தில் மாஸ்கோ நகரில் உலகச் சாம்பியன் பந்தயங்கள் நடந்தன. தன்னைவிட எத்தனையோ வயது மூத்த பெண்களுடன் 1500 மீட்டர் இறுதிப் பந்தயத்தில் நின்று, பத்தாவதாக வந்தாள். அப்பொழுது அவளுக்கு வயது 17. அப்பந்தயங்களில் அமெரிக்கா தேசத்தின் சார்பாக ஓடியவர்களில் அவளே வயதிற் சிறியவள்.

இத்தகைய பெண்ணை உலகம் சும்மா விட்டு வைக்குமா? நைக்கி என்னும் பிரசித்தி பெற்ற பாதரட்சைக் கம்பெனி, ஆரெகன் மாகாணத்தில் ஓர் ஓட்டப் பயிற்சிக் குழுவை நடத்தி வந்தது. அதன் தலைமை ஆசிரியர் ஆல்பர்டோ சலசார். 1980 முதல் 1982 வரை நியூயார்க் மாரதான் ஓட்டத்தில் தொடர்ந்து மூன்று முறை வென்றவர். அவரிடம் பயிற்சி பெறும் பேறு கிடைத்தபோது, வீட்டாரும் ஊராரும் அதைப் பெரும் பாக்கியமாக நினைத்ததில் வியப்பில்லை. ஹைஸ்கூல் படிப்பு முடியும் முன்பே, 2013 நவம்பரில், மேரி தொழில்முறை ஓட்டக்காரியானாள். 2014-இல் உலக இளைஞர் பந்தயத்தில் 3000 மீட்டர் ஓட்டத்தில் முதற் பரிசும் பெற்றாள். அதற்குப் பிறகு அவள் பெயர் பத்திரிகைகளில் வருவது குறைந்தது. பிறகு நின்றே போயிற்று.

என்ன ஆயிற்று என்பதை உலகம் ஐந்து வருஷம் கழித்துத்தான் அறிந்தது. 2019 நவம்பர் மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை வெளியிட்ட ஒரு சிறு படத்தில், 23 வயதான மேரி கெயின் தாமே தம் கதையைக் கூறினார். மெலிந்தால் இன்னும் விரைவாக ஓடலாம் என்று ஓயாமல் வற்புறுத்தினார்களாம். 114 பவுண்டு என்று ஓர் எடையை நிர்ணயித்து, தோழர்கள் பார்க்கத் தராசில் ஏற்றி, கூடுதலாக இருந்தால் அவமானப்படுத்தினார்களாம். விளைவு என்ன? மூன்று வருஷங்கள் மாதவிடாய் நின்றுவிட்டது. ஐந்து எலும்புகள் முறிந்தன. உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம்கூட அந்தப் பெண்ணுக்கு வந்தது.

சலசார் இக் குற்றச்சாட்டுகளை மறுத்தார் என்பதையும் நியாயம் கருதிச் சொல்ல வேண்டும். 2021-இல் அவர் மீதும் கம்பெனியின் மீதும் இரண்டு கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு மேரி தொடுத்த வழக்கு, 2023-இல் சமரசத்தில் முடிந்தது. நீதிபதியின் ஆசனத்தில் அமர்ந்து தீர்ப்புக் கூறுவது என் நோக்கமன்று. ஒரு விஷயம் மட்டும் எண்களிலேயே இருக்கிறது. 800 மீட்டரிலும் 1500 மீட்டரிலும் மேரி கெயின் ஓடிய மிகச் சிறந்த ஓட்டம் 17-ஆம் வயதில், பிராங்ஸ்வில் பள்ளி மாணவியாக இருந்தபோது ஓடியதுதான். முதிர்ந்த வயதில் வந்திருக்க வேண்டிய ஓட்டங்கள் வரவே இல்லை.

இங்கே வைத்திய சாஸ்திரம் கூறுவதைக் கொஞ்சம் கேட்போம். குடும்பத்தில் எல்லோரும் படிக்கும் பத்திரிகையில் இதையெல்லாம் எழுதலாமா என்று சிலர் தயங்கலாம். பெண்ணைப் பெற்ற தாய்மார் தயங்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

நாம் உண்ணும் உணவு உடலுக்கு வரும் வருமானம். ஓட்டம் ஒரு செலவு. வளர்வது, எலும்பை உறுதியாக்குவது, இரத்தத்தை விருத்தி செய்வது, மாதவிடாய் ஒழுங்காக நிகழ்வது, இவையும் செலவுகளே. வருமானத்தைக் குறைத்து ஓட்டச் செலவை அதிகரித்தால் உடல் என்ன செய்யும்? சிக்கனமான குடும்பத் தலைவியைப் போல, உடனே அவசியமில்லை என்று தோன்றும் செலவுகளை நிறுத்திவிடும். மூளையின் அடிப்பாகத்திலிருந்து செல்லும் கட்டளைகள் தளர்கின்றன, ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு குறைகிறது, மாதவிடாய் நிற்கிறது. எலும்பைக் காத்து நிற்பதும் அந்தச் சுரப்பேயாதலால், எலும்பும் நலிகிறது. நலிந்த எலும்பின் மீது நாள்தோறும் பல மைல் ஓட்டம் விழுந்தால், அது வெடிப்புக் காணாமல் என்ன செய்யும்?

பெண்கள் ஆயுள் முழுவதற்கும் சேர்த்து வைக்கும் எலும்புப் பலத்தின் மிகப் பெரும் பகுதி பதினெட்டு வயதுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அந்தப் பருவத்தில் ஏற்படும் நஷ்டத்தை முழுவதும் ஈடு செய்வது கடினம். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இக் குறைபாட்டுக்குத் தனிப் பெயரிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. ஆண்களையும் இது பாதிக்கும் என்று அதில் கூறியிருக்கிறார்கள். ஆனால் பெண்களிடத்தில் இயற்கையே ஓர் எச்சரிக்கை மணியை வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்றால், அது கடும் பயிற்சிக்கு அடையாளம் என்று பெருமைப்படுவதற்கில்லை. மணி அடிக்கிறது, வைத்தியரிடம் போக வேண்டும்.

இன்னொரு விஷயம். பருவம் வரும்போது பையன்களின் தசை தானாகவே பலப்படுகிறது. வருஷத்துக்கு வருஷம் அவர்கள் ஓட்டம் விரைவாகிறது. பெண்களுக்கோ இடுப்பு அகலமாகிறது. உடலில் கொழுப்புச் சற்றுக் கூடுகிறது. ஆகையால் சில பெண்களின் ஓட்டம் ஒன்றிரண்டு வருஷம் முன்னேறாமல் நிற்கும். சிறிது பின்வாங்கவும் செய்யும். இது வியாதியன்று; சோம்பலும் அன்று. குழந்தை, ஸ்திரீயாக மாறும் காலம். இந்த இரண்டு வருஷம் பொறுத்திருக்க மாட்டாமல்தான் பெரியவர்கள் தராசைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

பொறுத்திருந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு இங்கிலாந்து தேசத்துப் பாலா ராட்கிளிப் ஓர் உதாரணம். சிறுமியாக ஒரு பெரிய பந்தயத்தில் 299-ஆவதாக வந்தவள் அவள். பெட்போர்டு நகரத்துச் சங்கம் ஒன்றில், அலெக்ஸ் ஸ்டான்டன் என்பவரிடம் அவசரமின்றிப் பயின்றாள். 1992-இல் இளைஞர்களுக்கான உலக நாட்டுப்புற ஓட்டத்தில் வென்றாள். பிறகு கலாசாலைக்குச் சென்று படித்துப் பட்டமும் பெற்றாள். 2003-இல், 29-ஆம் வயதில், லண்டன் மாரதானை 2 மணி 15 நிமிஷம் 25 விநாடியில் ஓடி முடித்தாள். அதைவிட விரைவாக ஓடிய பெண் 2019 வரையில் உலகில் தோன்றவில்லை. 17-ஆம் வயதில் உச்சியை எட்டாதது அவளுக்கு ஒரு நஷ்டமா? நேயர்களே சொல்லட்டும்.

இதைப் படித்துவிட்டு, "அதனால்தான் பெண்களுக்கு ஓட்டமும் பாட்டமும் வேண்டாம் என்கிறோம்" என்று யாரேனும் சொல்லத் தொடங்கினால், அவர்களுக்கு ஒரு பழைய கதையை நினைவூட்ட வேண்டும். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் பந்தயங்களில் முதன் முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனி தேசத்து லீனா ராட்கே 2 நிமிஷம் 16.8 விநாடியில் வென்றாள். பந்தயம் முடிந்ததும் சிலர் களைத்து உட்கார்ந்தார்கள்; புருஷர்களும் அப்படித்தான் உட்காருகிறார்கள். ஆனால் பத்திரிகை நிருபர்களோ, பெண்கள் வரிசையாக மூர்ச்சையுற்று விழுந்ததாக எழுதிவிட்டார்கள். அதன் பலன், 1960 வரையில் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 200 மீட்டருக்கு மேற்பட்ட ஓட்டமே கிடையாது. பெண்களுக்கு மாரதான் ஓட்டம் கிடைத்தது 1984-இல்தான்.

அக் காலத்தில் பெண்ணின் உடல் பலவீனமானது, ஓடாதே என்றார்கள். பிற்காலத்தில் ஓடு, ஆனால் உண்ணாதே என்றார்கள். இரண்டும் வேறு வேறு போலத் தோன்றினாலும், அடிப்படைத் தவறு ஒன்றுதான். அந்த உடலின் இயல்பு என்ன, அதற்கு வேண்டியது என்ன என்று கேட்காமல், அதற்குக் கட்டளையிடப் பார்த்தது. ஓட்டம் மேரி கெயினுக்குத் தீங்கு செய்யவில்லை. பிராங்ஸ்வில் வீதிகளில் ஓடிய காலத்தில் அது அவளுக்கு ஆனந்தமாகவே இருந்தது. தீங்கு செய்தது பட்டினியும் அச்சமும்.

கதை துயரத்தோடு முடிந்துவிடவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம். மேரி கெயின் வெளிப்படையாகப் பேசியபின், தாங்களும் அவ்வாறே துன்புற்றதாக வேறு பல ஓட்டக்காரிகள் சொல்ல முன்வந்தார்கள். 2021-இல் நியூயார்க்கில் பெண் ஓட்டக்காரர்களுக்காக ஒரு தர்ம ஸ்தாபனத்தை அவர் ஏற்படுத்தினார். பிறகு வைத்தியக் கல்வி பயிலவும் சென்றார். தம் உடலைப் பிறர் அறியாமையால் இழந்து வருந்தியவர், பிறர் உடலை அறியும் கல்வியைத் தேடிச் சென்றது பொருத்தமாகவே தோன்றுகிறது.

நம் வீடுகளிலும் ஓடும் பெண்கள் இருக்கிறார்கள், இனியும் இருப்பார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு, ஓர் உபாத்தியாயன் என்ற முறையில் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். பெண்ணை எந்த ஆசிரியரிடம் ஒப்புவித்தாலும், அவர் எத்தனை பதக்கம் பெற்றவர் என்று மட்டும் விசாரியாதீர்கள். அவரிடம் பத்து வருஷத்துக்கு முன் பயின்ற பெண்கள் இப்பொழுது எப்படி இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவள் எடையைப் பிறர் முன்னிலையில் பேச யாருக்கும் இடம் கொடாதீர்கள், நீங்களும் பேசாதீர்கள். கால் எலும்பில் ஒரே இடத்தில் வலி என்றால், பந்தயம் நாளைக்கே என்றாலும் நிறுத்துங்கள். ஓரிரண்டு வருஷம் அவள் வேகம் கூடாமல் நின்றால், எங்களைப் போன்ற உபாத்தியாயர்கள் அவசரப்படுவோம், நீங்கள் அவசரப்படாதீர்கள்.

மாலையில் வியர்க்க விறுவிறுக்க அவள் வாசற்படி ஏறும்போது, "எத்தனையாவதாக வந்தாய்?" என்ற கேள்வி நாக்கு நுனியில் வந்து நிற்கும். அதைச் சற்று அடக்கிக்கொண்டு, "பசிக்கிறதா, அம்மா?" என்று கேளுங்கள். மற்றதை அவளே சொல்லுவாள்.