பை காக்கும் அக்காக்கள்



விடுமுறை முடிந்து பள்ளி திறக்கும் முதல் வாரத்தில், 'விடுமுறையில் நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொல்வது தமிழாசிரியர்களின் வழக்கம். நானும் அவ்வழக்கத்தை விட்டவள் அல்லள். இம்முறை ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, குடும்பத்தோடு கேளிக்கைப் பூங்காவிற்குச் சென்று வந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். தம்பி எந்தெந்தச் சவாரியில் ஏறினான், தங்கை எங்கே அழுதாள், அப்பா எவ்வளவு உரக்கக் கத்தினார் என்பவையெல்லாம் அழகாக வந்திருந்தன. கட்டுரையின் இறுதி வரி இது: “நான் எல்லாருடைய பைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன்.”

எழுத்துப் பிழை இல்லை. வலி மிகவேண்டிய இடங்களில் மிகுந்திருந்தது. 'நன்று' என்று சிவப்பு மையால் எழுதிவிட்டு அடுத்த ஏட்டை எடுத்தேன். அப்போதுதான் ஒரு கேள்வி எழுந்தது. இந்த இரண்டு பக்கத்தில் அவள் எந்தச் சவாரியில் ஏறினாள்? மீண்டும் எடுத்துப் படித்தேன். ஒன்றில்கூட இல்லை!

அந்தப் பெற்றோரைக் குறைகூறும் தகுதி எனக்கில்லை. ஏனெனில், அதே குற்றத்தை நானும் செய்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்களும் ஒரு கேளிக்கைப் பூங்காவிற்குச் சென்றோம். அப்போது மூத்த மகளுக்கு வயது 13, நடு மகனுக்கு 9, இளையவனுக்கு 4. உடன் என் மாமியார். விடியற்காலையில் எழுந்து நாசி லெமாக் பொட்டலம் கட்டி, மாற்றுடை, துண்டு, மருந்து என்று நான்கு பைகள் நிரப்பி, மகிழுந்தில் புறப்பட்டோம். திட்டம் என்று நாங்கள் போட்டது அவ்வளவுதான். எதைத் தின்பது என்று திட்டமிட்டோம். யார் எதில் ஏறுவது என்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

முதல் பெரிய சவாரியின் வாயிலிலேயே உயரம் அளக்கும் கோல் நின்றது. இளையவன் 98 செண்டிமீட்டர். அவனை ஏற்ற மறுத்தார்கள். அவன் தரையில் புரண்டு அழுதான். பைகளைக் கொண்டுசெல்லவும் கூடாது என்றார்கள். நடு மகன் துணைக்கு ஆள் இல்லாமல் ஏறமாட்டேன் என்றான். உடனே என் வாயிலிருந்து வந்த சொற்கள் இவை: “அக்கா, நீ தம்பியையும் பையையும் பார்த்துக்கோம்மா. நாங்க இதோ வந்திடுறோம்.”

'இதோ' என்றது 50 நிமிடம் ஆயிற்று. அன்று அப்படி நான்கு முறை. மகள் ஒரு சொல்லும் மறுத்துப் பேசவில்லை. வீடு திரும்பும் வழியில் எல்லாரும் மகிழ்ச்சியாக உறங்கினார்கள். அவள் மட்டும் கண்ணாடி வழியே நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இளையவன் பிறந்ததிலிருந்து, பெற்ற தாயாகிய நானே அவளை 'அக்கா' என்றுதான் அழைத்து வருகிறேன். சின்னவனுக்குப் பழக்குவதற்காகத் தொடங்கியது, அப்படியே நின்றுவிட்டது. நம் வீடுகளில் இது இயல்புதானே? ஆனால், பெயர் போய் உறவுமுறை மட்டும் எஞ்சும்போது, பிள்ளை போய் வேலை மட்டும் எஞ்சிவிடுகிறதோ என்று இப்போது தோன்றுகிறது.

கேளிக்கைப் பூங்கா என்பது உயரத்தின் அடிப்படையில் அமைக்கப்பட்ட இடம். குடும்பமோ வயதின் அடிப்படையில் அமைந்தது. காட்டாக, சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோவில் பேட்டில்ஸ்டார் கலாக்டிகா என்னும் ரோலர் கோஸ்டரில் ஏற 125 செண்டிமீட்டர் வேண்டும். மம்மி சவாரிக்கு 122, டிரான்ஸ்பார்மர்ஸ் சவாரிக்கு 102, சிறுவர்க்கான சில சவாரிகளுக்கு 92. பாதுகாப்பிற்கான அளவுகள் இவை; இவற்றில் குறை காண்பதற்கில்லை. ஆனால், 4 வயதுப் பிள்ளையும் 13 வயதுப் பிள்ளையும் ஒரே குடும்பத்தில் இருந்தால், இருவரும் சேர்ந்து ஏறக்கூடிய சவாரிகள் சிலவே. மற்ற நேரங்களில் யாரேனும் ஒருவர் வெளியே நின்றே ஆகவேண்டும். அந்த ஒருவர் யார் என்பதைப் பூங்கா முடிவு செய்வதில்லை. நாம்தான் முடிவு செய்கிறோம். பெரும்பாலும் எண்ணிப் பார்க்காமலே முடிவு செய்கிறோம்.

அண்ணன்கள் பை காப்பதில்லையா என்று கேட்பீர்கள். காக்கிறார்கள். ஆனால், நான் திருத்தும் கட்டுரைகளில் பெரும்பாலும் அக்காக்களே காக்கிறார்கள்.

பணக்கணக்காகவும் பாருங்கள். அதே சிங்கப்பூர்ப் பூங்காவில் 4 முதல் 12 வயது வரைதான் சிறுவர் கட்டணம். 13 வயது நிறைந்தால் பெரியவர் கட்டணம். ஆக, குடும்பத்தில் கூடுதல் விலை கொடுத்து அழைத்துச் சென்ற பிள்ளையைத்தான் நாம் நாள் முழுவதும் பெஞ்சில் உட்கார வைக்கிறோம்!

'மூத்தவள் பொறுப்பைக் கற்றுக்கொள்ள வேண்டாமா?' என்று என் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்வதும், பாடம் சொல்லிக் கொடுப்பதும் நல்ல பழக்கங்கள். அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால், பொறுப்பு என்பது எல்லார்க்கும் முறை வைத்து வருவது. ஒருவர்க்கே எப்போதும் வருவதற்குப் பொறுப்பு என்று பெயரில்லை. சுமை என்றுதான் பெயர். 'மூத்தது மோழை, இளையது காளை' என்று நம் முன்னோர் பழமொழி சொன்னார்கள். மூத்தது பிறவியிலேயே மோழையா? அல்லது நாம்தான் அதை மோழையாக்குகிறோமா?

குறை சொல்வதோடு நின்றுவிட்டால் அது ஆசிரியர்க்கு அழகன்று. எனவே, பட்டறிவால் நான் கற்றுக்கொண்டவற்றை இங்கே தருகிறேன்.

1. யாருக்கான இடம் என்று முதலில் கேளுங்கள். ஜொகூரில் 2012இல் திறக்கப்பட்ட லெகோலேண்ட் முதன்மையாக 2 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்கென அமைந்தது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது சொர்க்கம். பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அரைநாளில் சலித்துவிடும். பழைய ஈயச் சுரங்கக் குழியில் எழுந்த சன்வே லகூனில் நீர் விளையாட்டுகளும் உண்டு, துணிச்சலானவர்க்கான சவாரிகளும் உண்டு. ஈப்போவை அடுத்த தம்பூனில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே உள்ள பூங்காவில் வெந்நீர் ஊற்றுகள் இருப்பதால் தாத்தா பாட்டிக்கும் பொழுது போகும். கெந்திங் மலையின் பழைய வெளிப்புறப் பூங்கா 2013இல் மூடப்பட்டு, 2022இல் ஸ்கைவோர்ல்ட்ஸ் என்னும் புதிய பூங்கா திறக்கப்பட்டது. அங்கே சின்னவர்க்குக் குளிராடை வேண்டும். ஒரே இடம் எல்லார்க்கும் நிறைவு தராது. ஆகவே, இம்முறை ஒருவருக்கு, அடுத்த முறை மற்றவருக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லியே முடிவு செய்யுங்கள்.

2. வீட்டிலேயே உயரத்தை அளந்துவிடுங்கள். சுவரில் நிற்கவைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். பூங்காவின் அகப்பக்கத்தில் ஒவ்வொரு சவாரிக்கும் உரிய உயரம் இருக்கும். அளவுகள் மாறக்கூடும் என்பதால் புறப்படும் முன் மறுபடியும் பாருங்கள். 'இதில் நீ ஏறலாம், அதில் இன்னும் இரண்டு ஆண்டு கழித்து' என்று சின்னவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால், வாயிலில் வரும் அழுகை பாதி குறையும். ஏமாற்றம் வீட்டில் வந்தால் தாங்கலாம். நூறு பேர் முன்னிலையில் வந்தால் தாங்க முடியாது.

3. பைக்கு ஆள் வேண்டாம், லாக்கர் போதும். பெரிய பூங்காக்களில் வாடகை லாக்கர்கள் உண்டு. அந்த வாடகை ஒரு பிள்ளையின் நுழைவுச் சீட்டைவிட மிகக் குறைவு. நான்கு பைகளை இரண்டாகக் குறைத்தால் இன்னும் நல்லது.

4. பெற்றோர் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் சவாரிக்குச் செல்ல, மற்றவர் சின்னவரோடு இருந்து, பின் இருவரும் இடம் மாற்றிக்கொள்ளலாம். இரண்டாமவர் மீண்டும் முழு வரிசையில் நிற்காமல் ஏறுவதற்கு வழி செய்யும் பூங்காக்களும் உள்ளன. வாயிலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. இப்படி மாறும்போது மூத்த பிள்ளை அப்பாவோடு ஒருமுறை, அம்மாவோடு ஒருமுறை என இரண்டு முறை ஏறும் பேறும் கிடைக்கலாம்!

5. பெரிய சவாரிகளைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். கதவு திறந்த முதல் ஒரு மணி நேரம் வரிசை குறைவாக இருக்கும். நம் நாட்டில் பிற்பகலில் இடியும் மின்னலும் வருவது வழக்கம். மின்னல் என்றால் வெளிப்புறச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள். 'முதலில் தம்பிக்கு, மாலையில் உனக்கு' என்று மூத்தவளிடம் சொன்னால், அந்த மாலை மழையோடு போய்விடக்கூடும். எங்களுக்கு அப்படித்தான் போயிற்று.

6. நடுப்பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். உயரம் போதும் என்பதால் துணிவும் போதும் என்று பொருளன்று. 'ஆம்பளப் பிள்ளை பயப்படலாமா?' என்று கேலி செய்து ஏற்றிவிட்டால், அடுத்த சவாரிக்கு அவன் கிட்டவே வரமாட்டான்.

தனியாகப் பிள்ளைகளை வளர்க்கும் தாயோ தந்தையோ என்ன செய்வார்கள் என்ற கேள்வி எழும். என் மாணவர் சிலரின் குடும்பங்கள் அத்தகையவை. முறை மாற்றிக்கொள்ள அங்கே இன்னொரு பெரியவர் இல்லை. அப்படிப்பட்டோர் சித்தியையோ மாமாவையோ உடன் அழைத்துக்கொள்ளலாம். இயலாவிட்டால், எல்லாரும் ஒன்றாக மகிழக்கூடிய கடற்கரையோ தைப்பிங் ஏரிப் பூங்காவோ போதும். ஐந்து பேர் கேளிக்கைப் பூங்காவிற்குச் சென்றுவர ஆகும் செலவு எளியதன்று. கடன் வாங்கிப் போகவேண்டிய இடமும் அதுவன்று. ஆனால், போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போனாலும் செருப்புகளையும் பாயையும் காத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தால், அங்கேயும் இதே கதைதான்.

மறு ஆண்டு விடுமுறையில், ஜொகூர் பாருவில் உள்ள என் தம்பி வீட்டில் தங்கி, விடியுமுன் பாலத்தைக் கடந்து செந்தோசா சென்றோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் மகள். நுழைந்ததும் பைகளை லாக்கரில் வைத்தோம். பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவில் ஒன்றோடொன்று பின்னிச் செல்லும் இரண்டு தடங்கள். ஒன்றில் அமர்ந்து செல்லலாம், மற்றதில் கால் தொங்கச் செல்லவேண்டும். அவள் தந்தையோடு இரண்டிலும் ஏறினாள். நடு மகன் கீழிருந்தே கையசைத்தான். நான் இளையவனோடு பெஞ்சில் உட்கார்ந்தேன்.

முக்கால் மணி நேரம் அந்தப் பெஞ்சில் இருந்தேன். வெயில் காலில் விழுந்தது. இளையவன் பத்து முறை 'அக்கா எப்போ வரும்?' என்று கேட்டான். நான்கு முறை கழிவறைக்குப் போகவேண்டும் என்றான். போனால் வரவில்லை என்றான். தலைக்கு மேலே மற்றவர்களின் கூச்சல் வந்து வந்து போயிற்று. 13 வயதில் என் மகள் இதைத்தான் ஒரு நாளில் நான்கு முறை செய்தாள். திரும்பியபோது நான் அவளிடம் கேட்டது, 'தம்பி ஏதாவது சாப்பிட்டானா?' என்பது மட்டுமே.

சவாரி முடிந்து அவள் தலைமுடி கலைந்து ஓடிவந்தாள். “அம்மா, அடுத்தது நீங்க போங்க, நான் தம்பியப் பார்த்துக்கிறேன்” என்றாள். கேட்டுப் பெறாத பொறுப்பு! அதைத்தான் நான் மாமியாரிடம் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டார், மறுக்கவில்லை. நானும் ஏறினேன். கண்ணைத் திறக்கவே இல்லை என்பது வேறு கதை.

அந்த மாணவியின் ஏட்டிற்கு வருகிறேன். 'நன்று' என்பதற்குக் கீழே, 'உனக்கு எந்தச் சவாரியில் ஏற ஆசை?' என்று எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஏடு திரும்பி வந்தது. ஒரு சவாரியின் பெயரை எழுதி, பக்கத்தில் 'நான் 141 செண்டிமீட்டர், டீச்சர்' என்று எழுதியிருந்தாள். அளந்து வைத்திருக்கிறாள்! பெற்றோர் சந்திப்பு நாளில் அந்த ஏட்டை அவள் தந்தையிடம் காட்ட எண்ணியிருக்கிறேன். குற்றம் சாட்டுவதற்காக அன்று. என் கதையையும் சேர்த்துச் சொல்வதற்காக.

பெற்றோரே, அடுத்த விடுமுறைக்குத் திட்டமிடும்போது, சோற்றுப் பொட்டலத்தைப் பற்றி எண்ணுமுன் ஒன்றை எண்ணுங்கள். உங்கள் மூத்த பிள்ளை கடைசியாக எந்தச் சவாரியில் ஏறியது? விடை தெரியாவிட்டால், அவளைப் பெயர் சொல்லி அழைத்துக் கேளுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை