மூன்றடி மண்

சென்ற தை மாதம் வாத்தியார் சைக்கிளிலிருந்து விழுந்து காறை எலும்பை முறித்துக்கொண்டார். மருத்துவமனை வராந்தாவில் அவர் மகன் என்னிடம், "இந்த வயசுல அப்பாவ சைக்கிள்ல கூட்டிக்கிட்டுப் போகலாமா மாமா? சொல்லியிருந்தா கார் ஏற்பாடு பண்ணியிருப்பேனே" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். அவன் அழுகிற குரலில் சொன்னான். அதனால் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அன்று சொல்லாத பதிலை இப்போது எழுதுகிறேன்.

நாங்கள் போட்ட திட்டம் நான்கு நாள். நாகப்பட்டினத்தில் புறப்பட்டு வேளாங்கண்ணி, வேட்டைக்காரனிருப்பு வழியாக வேதாரண்யம். மறுநாள் கோடியக்கரை போய்த் திரும்புவது. மூன்றாம் நாள் திருத்துறைப்பூண்டி. நான்காம் நாள் முத்துப்பேட்டை போய், அலையாத்திக் காட்டுக்குள் படகில் ஒரு சுற்று. வாத்தியாருக்கு அறுபத்தொன்பது, எனக்கு எழுபத்தொன்று. அவசரம் ஒன்றுமில்லை. அஞ்சல் துறையில் மெயில் ஓவர்சியராக இந்தக் கிளை அஞ்சலகங்களை எல்லாம் சைக்கிளில் சுற்றியவன் நான். ஆயக்காரன்புலம், கருப்பம்புலம், தகட்டூர், வாய்மேடு என்று எந்த ஊரில் எந்தத் திண்ணையில் நிழல் இருக்கும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

சைக்கிளுக்கென்றே படைத்த பூமி இது. நாகையிலிருந்து கோடியக்கரை வரை பெடலில் எழுந்து நின்று மிதிக்கிற மாதிரி ஒரு மேடு கிடையாது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல், அதற்கப்பால் வேதாரண்யம் சதுப்பு நிலம். பழைய மணல் திட்டுகளின் மேல்தான் ஊர்களே உட்கார்ந்திருக்கின்றன. மேடு இல்லாத குறையைக் காற்று தீர்த்துவைக்கும். தை மாதத்து வாடை தெற்கே போகிறவனை முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போகும். திரும்பி வரும்போது அதே வாடை வட்டியோடு வசூல் செய்துவிடும். இது காருக்குள் இருப்பவனுக்குத் தெரியாது. உப்பளம் நெருங்கும்போது காற்றில் வருகிற அந்தச் சேற்று வாடையும், பாத்தியில் உப்பு வாருகிற பலகையின் சரசரப்பும் தெரியாது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, மதியம் பன்னிரண்டு மணிக்குக் கோடியக்கரைக்கு வந்து, "மான் ஒண்ணும் காணோம், பறவையும் காணோம், வெறும் சேறு" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சார் பட்டியலில் உள்ள ஈரநிலம். எவ்வளவோ தூரத்திலிருந்து பூநாரை வந்து நிற்கிற இடம். நம் ஆட்களுக்கு அது வெறும் சேறு.

அது போகட்டும். பார்க்கத் தெரியாதவன் பார்க்காமல் போவது அவன் பாடு. என் சண்டை அதுவல்ல.

மூன்றாம் நாள் காலை வேதாரண்யத்திலிருந்து வடமேற்கே திருத்துறைப்பூண்டிக்குத் திரும்பினோம். வாடை வலது பக்கத்திலிருந்து அடித்தது, எங்களை இடது ஓரத்துக்கே ஒதுக்கிக்கொண்டிருந்தது. பின்னால் பேருந்து. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. வாத்தியார் நாற்பது வருடப் பழக்கத்தில் இடது பக்கம் ஒதுங்கினார். அந்தக் காலமாக இருந்தால் மண் ஓரத்தில் இறங்கி, பேருந்து போனதும் மறுபடி ஏறியிருப்பார். இப்போது அங்கே மண் ஓரம் இல்லை, பள்ளம்தான் இருந்தது. முன்சக்கரம் தாரின் விளிம்பிலிருந்து ஒரு சாண் கீழே விழுந்தது. ஹேண்டிலைத் திருப்பி ஏறப் பார்த்தார். விளிம்பில் டயர் உரசி, ஆள் தோளோடு தரையில் போய் விழுந்தார். பேருந்துக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். எதிரே லாரி வந்தது, அவரும் எங்கேதான் போவார்?

அந்த ஒரு சாண் எப்படி வந்தது? ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிதாகக் கொட்டுகிறார்கள். நான்கு முறை போட்டால் சாலை உயர்ந்துவிடும். ஓரத்து மண்ணையும் கூடவே உயர்த்திக் கெட்டிக்க வேண்டும் என்பது சாலை போடுவதில் அரிச்சுவடி. அதைச் செய்வதில்லை. செய்தாலும் நாலு கூடை மண்ணைத் தூவிவிட்டுப் போகிறார்கள், ஐப்பசி மழை அதைப் பக்கத்து வாய்க்காலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். மிச்சமிருக்கிற இடத்தைச் சீமைக்கருவேலம் பிடித்துக்கொள்கிறது. அந்த முள் குத்தி நாங்கள் முதல் நாளே இரண்டு பஞ்சர் ஒட்டினோம். எனக்கு நினைவு தெரிந்து சாலைப் பணியாளர்கள் மண்வெட்டியும் கூடையுமாக ஓரத்தைச் செதுக்கிக்கொண்டே இருப்பார்கள். ஓரமும் சாலைதான் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இன்னொரு வேடிக்கை. அந்த நாளில் சைக்கிளுக்கு வரி கட்டிப் பில்லை வாங்கி மாட்ட வேண்டும். ராத்திரியில் விளக்கு இல்லையென்றால் போலீஸ்காரர் நிறுத்துவார். டபுள்ஸ் போனால் காற்றைப் பிடுங்கிவிடுவார். அப்போது திட்டிக்கொண்டே கட்டினோம். இன்று யாரும் வரி கேட்பதில்லை, விளக்கு கேட்பதில்லை. எனக்கு இப்போதுதான் புரிகிறது, அன்றைக்கு எங்களை ஒரு வாகனமாக மதித்தார்கள். இன்று நாங்கள் கணக்கிலேயே இல்லை.

"இப்ப யார் சார் சைக்கிள்ல போறா?" என்பது அடுத்த கேள்வி. விடிகாலை ஐந்தேகாலுக்கு அகஸ்தியம்பள்ளி சாலையில் வந்து நில்லுங்கள். வெயில் ஏறுமுன் உப்பளத்துக்குப் போகிறவர்கள், தூக்குவாளி ஹேண்டிலில் ஆட, ஆணும் பெண்ணுமாக வரிசையாகப் போவார்கள். அன்று எண்ண ஆரம்பித்து நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு அள்ளியது இங்கேதான். நினைவுத் தூணுக்கு முன்னால் காரை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதே சாலையில் இன்றைக்கும் உப்பு அள்ளப் போகிறவர்களுக்கு ஹாரன் அடித்துக் கீழே இறக்கிவிடுகிறார்கள்.

எட்டு மணிக்குமேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அரசாங்கமே சைக்கிள் கொடுக்கிறது, நல்ல காரியம், கட்சி பேதமில்லாமல் பாராட்டுவேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டது உலகத்துக்கே தெரியும். ஆனால் ஒரு கையால் சைக்கிளைக் கொடுத்துவிட்டு, அது ஓடுகிற ஓரத்தை இன்னொரு கையால் பிடுங்கிக்கொண்டால் என்ன நியாயம்? பதினாறு வயதுப் பெண் பிள்ளை, முதுகில் புத்தகப் பை, பின்னால் டேங்கர் லாரி. அவள் எங்கே ஒதுங்குவாள்?

கஜா புயலை மறந்துவிட்டோமா? 2018 நவம்பர் 16. மறுநாள் காலை தென்னை மரங்கள் சாலையை மறித்துக் கிடந்தன. கார் நகரவில்லை, மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை. மரத்துக்கு மரம் சைக்கிளைத் தோளில் தூக்கித் தாண்டிவைத்து, தகட்டூரில் இருந்த என் தங்கை உயிரோடு இருக்கிறாள் என்று நான்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என்னைப்போல் எத்தனையோ பேர்.

சாலையை அகலப்படுத்துங்கள் என்று நான் கேட்கவே இல்லை. அப்படிக் கேட்டால் உடனே நான்கு வழிச்சாலை என்று சதுப்பு நிலத்தில் செம்மண்ணைக் கொட்டி, இருக்கிற பனையையும் புளியையும் வெட்டிவிடுவார்கள். வண்டி இன்னும் வேகமாகப் போகும், எங்கள் நிலைமை இன்னும் மோசமாகும். புதுச் சாலை வேண்டாம். தனிப் பாதை, வண்ணக் கோடு, திறப்புவிழா எதுவும் வேண்டாம். தாரின் மட்டத்துக்கு இரண்டு பக்கமும் மூன்றடி மண், நன்றாகக் கெட்டித்தது, முள் இல்லாதது. மாவலியிடம் வாமனன் கேட்டதுகூட மூன்றடிதான். அவரைப்போல நாங்கள் உலகத்தை அளக்கப் போவதில்லை. உப்பளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டு வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

வாத்தியாரின் சைக்கிள் என் வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. உப்புக் காற்றுக்குச் செயின் துருப்பிடிக்காமல் வாரம் ஒருமுறை தேங்காய் எண்ணெய் விடுகிறேன். "முத்துப்பேட்டை பாக்கி இருக்கு" என்று அவர் போனில் சொல்கிறார். கை இன்னும் தோளுக்கு மேலே எழவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் வந்தான். குறைதீர்க்கும் நாளில் கொடுக்க நான் எழுதி வைத்திருந்த மனுவைப் படித்தான். "எந்த இடம் மாமா, காட்டுங்க" என்றான். அவன் காரிலேயே போனோம். இறங்கி, டேப்பைப் பிடித்து அளந்தான். ஏழரை அங்குலம். அளந்துகொண்டிருக்கும்போதே ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அவன் துள்ளிப் பள்ளத்தில் இறங்கினான், செருப்பு கழன்று போயிற்று. செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து, "ஏழரைன்னு மனுவுல எழுதிக்குங்க மாமா" என்றான்.