வளைந்து கொடுக்க வேண்டியது எது?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இரண்டு மாடுகளை ஓர் ஏரில் பூட்டினால் மட்டும் போதாது. இரண்டும் ஒரே நடை நடக்க வேண்டும். வீடியோவுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை என் வீட்டு அனுபவமே எனக்குக் கற்பித்தது.

பைக்காராவில் தேயிலைக் கொழுந்து பறித்தே எங்கள் குடும்பத்தை நிமிர்த்தியவர் என் அப்பாயி. இன்று அவர் இல்லை. அவர் நடமாடும் காட்சி என்று எங்களிடம் இருப்பது, 2001-ல் எடுத்த என் பெற்றோரின் திருமண வீடியோ நாடா ஒன்றுதான். அதனையும், செல்பேசியில் நாங்கள் எடுத்த புதிய காட்சிகளையும் இணைத்துத் தரும்படி ஒரு கடையில் கொடுத்தோம். வந்த படத்தில், அட்சதை தூவ அப்பாயி கை உயர்த்தும்போது, அக்கையின் விளிம்பு சீப்பின் பற்களாய்ப் பிளந்து நின்றது. “பழைய நாடா, அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். அப்பா ஒன்றும் பேசவில்லை.

பழியை நாடாவின்மேல் போடுவது நியாயமா? எண்ணிப் பார்ப்போம்.

நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைகிறது. 1932-ல் இயங்கத் தொடங்கிய நம் பைக்காரா நீர்மின் நிலையம் தருவதும் அதே மின்சாரந்தான். அதற்கிசையவே 50 சுழற்சி மின்சாரமுள்ள நாடுகளில் தொலைக்காட்சி முறை அமைந்தது: 625 கோடுகள், நொடிக்கு 25 படங்கள். ஆனால் 25 படங்கள் மட்டுமே வந்தால் திரை சிமிட்டும். ஆகவே ஒவ்வொரு படத்தையும் இரண்டாகப் பகுத்தனர். முதலில் ஒற்றைப்படைக் கோடுகள். நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு கழித்து இரட்டைப்படைக் கோடுகள். இதுவே ‘இன்டர்லேஸ்’ எனும் பின்னல் முறை. செல்பேசியோ முழுப் படமாகவே எடுக்கிறது. அதுவும் பெரும்பாலும் நொடிக்கு 30.

இங்கேதான் சிக்கல். இரு பாதிகளுக்கிடையே கை நகர்ந்துவிடுகிறது. இரண்டையும் ஒன்றாக ஒட்டினால் சீப்புப் பல் தோன்றாமல் என்ன செய்யும்? அப்படியே படத்தின் அளவையும் மாற்றினால் கோடுகள் ஒன்றோடொன்று கலந்து, குறை நிலைத்துவிடும். போதாததற்கு, 25-ஐ 30 ஆக்க நொடிக்கு ஐந்து படங்கள் இருமுறை வர வேண்டும்; நடை தடுக்கும். ஒரு பாதியை எறிந்துவிட்டால் பல் மறையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அசைவில் பாதியும் அதனோடு போய்விடும்.

என் கருத்து இதுதான்: மீண்டும் எடுக்கக் கூடியது, மீண்டும் எடுக்க முடியாததற்கு வளைந்து கொடுக்க வேண்டும். நாடாவின் ஒவ்வொரு பாதியையும் தனித்தனியே முழுப் படமாக்கி, நொடிக்கு 50 என்று வைத்துக்கொள்ள வேண்டும். செல்பேசிக் காட்சியை 25 அல்லது 50 என்னும் கணக்கில் எடுக்கலாம். அவ்வசதி பல செல்பேசிகளில் உண்டு. “இன்றைய திரைகள் பலவும் 60 கணக்கில் அல்லவா ஓடுகின்றன?” எனச் சிலர் கேட்கலாம். திரை நாளை மாறும். கோப்பில் பதிந்த பிழை மாறாது.

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். படித்தது எதற்குப் பயன் என்று ஊரில் கேட்பவர்கள் உண்டு. நண்பர் ஒருவரின் பழைய கருவியில் அந்நாடாவை மறுபடி ஓட்டி, மேற்சொன்னபடி செய்தேன். அப்பாயியின் கை வழுக்காமல் உயர்ந்தது, அட்சதை விழுந்தது. “இன்னொரு தடவை போடு” என்றார் அப்பா.

தோழர்களே, உங்கள் வீட்டு அலமாரியிலும் ஒரு நாடா உறங்கலாம். அதை ஓட்டும் கருவிகள் அருகி வருகின்றன. நாடாவும் நாளுக்கு நாள் நலிகிறது. பிறரிடம் கொடுக்குமுன், “பாதிகளைக் கலக்காமல் எடுப்பீர்களா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்வி, ஒரு முகத்தைக் காப்பாற்றும்.