பழுது பார்க்கும் முன் ஒரு கேள்வி

வீடியோ கேம் கேசட் வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்ய வேண்டும்? முப்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "எடுத்து ஊது, மறுபடியும் போடு." ஜித்ராவுக்கு அருகில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அக்காவும் அப்படித்தான் செய்தார். அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்த நானும் அவரைப் பார்த்து ஊதக் கற்றுக்கொண்டேன். ஊதுவது தவறு என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. அதைவிடப் பெரிய தவறு ஒன்றையும் நான் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

1990களில் மலேசிய வீடுகள் பலவற்றில் 'மைக்ரோ ஜீனியஸ்' என்ற விளையாட்டுப் பெட்டி இருந்தது. 1983இல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட 'ஃபேமிகாம்' பெட்டியைப் பார்த்துத் தைவானில் செய்யப்பட்டது அது. எங்கள் வீட்டில் அதற்கு ஏழெட்டு கேசட்டுகள் இருந்தன. 2010 நவம்பரில் கெடாவைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தில் அவையும் மூழ்கின. தண்ணீர் வடிந்த பிறகு அம்மா அவற்றைத் தூக்கி எறியாமல் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தார். ஏன் வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, செமஸ்டர் விடுமுறையில், அந்த டின்னைத் திறந்தேன். பொழுதுபோகாமல் செய்த வேலை எனக்குப் பெரிய பாடமாக அமைந்தது.

முதல் பாடம், குற்றவாளி யார் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பெட்டி கெட்டதா, கேசட் கெட்டதா? நன்றாக ஓடும் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு கேசட்டைப் போட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும். இதைச் செய்யாமலேயே பலர் கேசட்டைக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, கேசட்டின் அடிவாயில் வரிசையாக இருக்கும் உலோகக் கீற்றுகளைப் பார்க்க வேண்டும். ஃபேமிகாம் வகைக்கு அவை அறுபது. அவற்றில் ஒன்றிரண்டில் அழுக்கோ துருவோ படிந்தாலே ஆட்டம் தொடங்காது. மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில், தொண்ணூறு விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளதாக வாங்கி, பஞ்சுக் குச்சியை நனைத்துத் துடைக்க வேண்டும். பஞ்சில் கறுப்பு வருவது நிற்கும் வரை துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். விடாப்பிடியான கறைக்கு மட்டும் மென்மையான வெள்ளை அழிப்பானை மெதுவாகத் தேய்க்கலாம். மணல் தாளைத் தொடவே கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும்.

அப்படியானால் ஊதியபோது மட்டும் எப்படி ஓடியது? கேசட்டைக் கழற்றி மறுபடியும் செருகும்போது கீற்றுகள் உரசிக்கொள்கின்றன. அந்த உரசல்தான் வேலை செய்தது. நம் மூச்சில் இருக்கும் ஈரமோ கீற்றுகளை மெல்ல அரித்துக்கொண்டிருந்தது. ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோ நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லியிருக்கிறது.

வெள்ளத்தில் மூழ்கிய கேசட்டுகளில் ஐந்து மீண்டும் ஓடின. இதில் அதிசயம் எதுவும் இல்லை. அந்த மலிவு விலைக் கேசட்டுகளில் சில்லின் மேல் கறுப்புப் பிசின் ஒரு பொட்டு போல ஊற்றப்பட்டிருக்கும். சில்லைத் தண்ணீர் தொடவில்லை. வெளியே இருந்த கீற்றுகள்தான் கெட்டிருந்தன. ஆனால் எனக்கோ தலைகால் புரியவில்லை. எதையும் சரிசெய்துவிடலாம் என்ற துணிச்சல் வந்துவிட்டது.

அந்தத் துணிச்சலோடுதான் அக்காவின் 'பொக்கேமான் ரெட்' கேசட்டைக் கையில் எடுத்தேன். அது கேம் பாய்க்கு உரியது. அலமாரியின் மேல்தட்டில் இருந்ததால் வெள்ளத்தில் தப்பியது. அப்பா ரப்பர் பால் லோரி ஓட்டியவர். ஒருமுறை பினாங்கு போனபோது கொம்தாரில் அக்காவுக்காக வாங்கி வந்தார். அந்தக் கேசட் சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. பழைய சாம்பல்நிறக் கேம் பாயில் இதற்கு ஓர் எளிய அறிகுறி உண்டு. இயந்திரத்தைப் போட்டதும் மேலிருந்து இறங்கும் 'நிண்டெண்டோ' என்ற எழுத்து கேசட்டிலிருந்து படிக்கப்படுகிறது. அது சரியாகப் பொருந்தினால்தான் ஆட்டம் தொடங்கும். எழுத்துக்குப் பதிலாகக் கறுப்புப் பட்டை இறங்கினால், கேசட்டை இயந்திரம் அறியவே இல்லை என்று பொருள். எழுத்து சிதைந்து வந்தால், சில கீற்றுகளில் மட்டும் தொடர்பு இல்லை. அக்காவின் கேசட்டில் எழுத்து சிதைந்து வந்தது. துடைத்திருந்தாலே போதும்.

நான் அதோடு நிற்கவில்லை. அதற்கென்று உள்ள தனித் திருப்புளியை வாங்கி மேலோட்டைத் திறந்தேன். உள்ளே நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி. "திறந்ததுதான் திறந்தோம், இருபது ஆண்டு பழைய பேட்டரியையும் மாற்றிவிடுவோம்" என்று நினைத்து ஈயத்தை உருக்கி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தேன். கேசட் முதல் முயற்சியிலேயே ஓடியது. படம் எடுத்து, ஜொகூரில் வேலை பார்க்கும் அக்காவுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் அவரே அழைத்தார்.

"தம்பி, 'கன்டினியூ' வரலையேடா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆட்டம் நிரந்தரச் சில்லில் இருக்கிறது. அதற்கு மின்சாரமே தேவையில்லை. ஆனால் நாம் விளையாடிச் சேமித்த பதிவு வேறொரு சில்லில் இருக்கிறது. அதை உயிரோடு வைத்திருப்பது அந்தச் சிறிய பேட்டரிதான். பேட்டரியைக் கழற்றிய நொடியே பதிவு போய்விட்டது.

"பரவாயில்லடா, விடு," என்றார் அக்கா. சற்று நேரம் கழித்து, "அதுல அப்பா பேரு வச்ச ஸ்நார்லாக்ஸ் இருந்துச்சு. எந்நேரமும் தூங்குதுன்னு நம்ம வீட்டு நாய் பேரையே வச்சாரு, மணின்னு," என்றார். அப்பா தவறியது 2009இல். அவர் எங்களுக்காக எழுதி வைத்த கடிதம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகள் இருந்தன. அவற்றை நான் அழித்துவிட்டேன்.

வாசகர்களே, இதிலிருந்து நான் உறுதியாக நம்பும் ஒன்றைச் சொல்கிறேன். பழைய கேசட்டைப் பழுதுபார்ப்பது ஆட்டத்தைக் காப்பாற்றுவதற்கு அல்ல. ஆட்டத்தைக் கணினியில் விளையாட இன்று எத்தனையோ வழிகள் உண்டு, "இதற்கு ஏன் இந்தப் பாடு?" என்று என் அறைத்தோழன் கேட்டது நியாயமே. ஒரே ஆட்டம் உலகில் இலட்சக்கணக்கான கேசட்டுகளில் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டார் சேமித்த பதிவு அந்த ஒரு கேசட்டில் மட்டுமே இருக்கிறது. நாம் காப்பாற்ற வேண்டியது அதைத்தான். அதற்குக் காலமும் குறைவு. 1999இல் ஜப்பானில் வெளிவந்த 'கோல்டு', 'சில்வர்' கேசட்டுகளில் கடிகாரமும் அதே பேட்டரியில் ஓடுவதால், அவற்றில் பல ஏற்கெனவே பதிவை இழந்துவிட்டன. கடிகாரம் இல்லாத 'ரெட்', 'புளூ' கேசட்டுகள் இன்னும் சில தாக்குப்பிடிக்கின்றன. எத்தனை நாளைக்கு?

ஆகவே பேட்டரியைத் தொடும் முன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் தாராளமாக மாற்றலாம். இருந்தால், கேசட்டைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவி ஒன்று இணையத்தில் கிடைக்கிறது. அதைக் கொண்டு பதிவைப் படியெடுத்து, பேட்டரியை மாற்றி, மீண்டும் உள்ளே எழுதிவிடலாம். கருவி கிடைக்காவிட்டாலும், இரண்டு கேம் பாய்களை இணைக்கும் கம்பி இருந்தால் பொக்கேமான்களை நண்பரின் கேசட்டுக்கு மாற்றி வைக்கலாம். வைத்த பெயரும் கூடவே போகும். அந்த மணியை நான் அப்படிக் காப்பாற்றியிருக்க முடியும். 2002இல் வந்த 'ரூபி', 'சஃபையர்' கேசட்டுகளுக்கு இந்த அச்சம் வேண்டாம். அவற்றில் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும்தான். எந்தக் கேசட்டானாலும் வெறும் பேட்டரியின் மேல் நேரடியாக ஈயம் உருக்காதீர்கள், சூட்டில் வெடிக்கக்கூடும். தகட்டுக் கால்கள் பொருத்திய பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள்.

கருவிகளைவிட முக்கியமானது ஒரு கேள்வி. "இதில் உங்களுடையது ஏதாவது இருக்கிறதா?" என்று பொருளுக்கு உரியவரிடம் கேட்க வேண்டும். அக்காவிடம் நான் அதைக் கேட்கவில்லை. பழைய கைத்தொலைபேசியைத் துடைத்துக் கொடுக்கும்போதும், தாத்தாவின் வானொலிப் பெட்டியைக் கழற்றும்போதும் இதே கேள்வி பொருந்தும். பொருள் மறுபடியும் ஓடினால் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது, கைத்திறன் வந்த அளவுக்கு நமக்குப் பொறுப்பு வரவில்லை என்பதையே காட்டுகிறது.

நம் தமிழ்மொழிக் கழகம் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் கவியரங்கமும் நடத்துகிறது. அவை தேவைதான். அவற்றோடு ஒரு மாலை, ஒரு மேசை, ஓர் ஈயப்பற்று கருவி, ஒரு மடிக்கணினி ஆகியவற்றோடு பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றையும் நடத்தலாம் என்பது என் கருத்து. 'கீற்று', 'பதிவு', 'படியெடுத்தல்' என்று இதையெல்லாம் தமிழிலேயே விளக்க முடியும் என்பதற்கு இந்தக் கட்டுரையே சான்று. வரும் விடுமுறையில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள். கேசட் இருந்தால் கொண்டு வாருங்கள். அதற்கு முன் அது யாருடையது என்று கேட்டு, அவரையும் அழைத்து வாருங்கள்.